கத்தலைத் துடைத்த ஸ்டுடியோக்காரர்

“...அந்தக் கத்தலை மட்டும் சுத்தமா தொடைச்சு எடுத்துட்டேம்மா. இப்ப கேளு, தாலாட்டு மாதிரி இருக்கு.”

தஞ்சாவூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் சொன்னார். திருக்காட்டுப்பள்ளியில் ஒற்றை அறை ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருப்பவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. கண்ணீர் அஞ்சலியோ கட்சிக் கூட்டமோ, எந்த அறிவிப்பைப் பதிவுசெய்தாலும் இருமல், நாய்க்குரைப்பு எல்லாம் நீக்கிக் கொடுத்தே பழகிவிட்டாராம்.

அவர் பக்கத்தில் இருந்தவள், கத்திப் பாடும் பங்க் ராக் இசைக்குழுவில் பாடுகிற பெண். இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கினாள்.

“அண்ணே, அந்தக் கத்தல்தாண்ணே பாட்டே! நாளைக்குக் காலைல பைபாஸ் ரோட்டுக்காக எங்க வயல அளந்து கல்லு ஊன வர்றாங்க. ஊரே வரப்புல நின்னு மைக்செட்ல போடப்போற பாட்டு. தாலாட்டு கேட்டா தூங்கிடுவாங்களா அவங்க?”

“கத்தலோட இருந்த பழைய பதிவையும் அழிச்சுட்டேனே. திரும்பப் பாடிடேன்.”

“நாய் கொரைச்சுது, இருமல் விழுந்துச்சுன்னு நேத்து பதினெட்டு தடவை கத்த வச்சீங்க. தொண்டை கட்டிப்போயி மோர்கூட எறங்கல.”

அவர் ஜன்னல் வழியே நடவு முடிந்த வயல்களைப் பார்த்தார்.

“எந்த எடத்துல கத்தணும்?”

“‘ஊனுன கல்லைப் புடுங்குவோம்’கற எடத்துல.”

“போன்ல ரெக்கார்டிங்கப் போடு.”

எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினார். டிரைவர் பதறிப்போய் பிரேக் போட்டார்.

“பிரேக் சத்தம் உள்ள விழுந்துடுச்சும்மா” என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை கத்தினார்.