அமீர் அலி விடச் சொன்ன இறக்கை

மேடையில் அமர்ந்திருக்கும் பறப்பு மன்றத் தலைவர் மங்கையர்க்கரசி அம்மையார் அவர்களே, செயலாளர் மனோஜ் அவர்களே, வேலை முடிந்து கேம்ப் கடைத்தெரு நெரிசலில் நீந்தி இந்த அரங்குக்கு வந்து சேர்ந்திருக்கும் தமிழ் நண்பர்களே, மொழி புரியாவிட்டாலும் அமீர் அலியின் நினைவுக்காக உட்கார்ந்திருக்கும் மராத்தி நண்பர்களே, வணக்கம். விபத்து நடந்த நாளிலிருந்து விசாரணைக்கு வந்தவர்களிடம் ஆங்கிலத்திலும் போலீசிடம் இந்தியிலும் இதே கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இன்று ஒரு முறை தமிழில் சொல்லிவிடுகிறேன்.

யார் இந்த அமீர் அலி? நம் மன்றத்தின் தரைப் பணிப் பொறுப்பாளர். விமானம் ஓட்டத் தெரியாதவர், ஓட்டும் ஆசையும் இல்லாதவர். நாமெல்லாம் மேலே போய்விட்டு வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, கீழே நிற்கும் விமானத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர். மன்றத்தைச் சேராதவர்களும் வந்திருப்பதால் சொல்கிறேன். நம்முடைய சின்ன விமானம் ஒரு காரைவிட எடை குறைந்தது. சும்மா நிற்கும்போதும் பலத்த காற்றடித்தால் இறக்கை தூக்கிவிடும். அதனால் இறங்கியதும் இரண்டு இறக்கைகளையும் வாலையும் தரையிலுள்ள இரும்பு வளையங்களோடு கயிற்றால் கட்ட வேண்டும். முன்பு அங்கே வெறும் முளைகள்தான் இருந்தன. கோடையில் கரிசல் மண் வெடித்தால் முளை ஆடும், மழையில் மண் இளகினால் பிடுங்கிக்கொள்ளும். அவற்றையெல்லாம் எடுக்கவைத்து, கான்கிரீட்டில் வளையம் பதிக்கவைத்தவர் அமீர் அலி. அதற்காக அவர் செயற்குழுவை அரித்த அரிப்பு மனோஜுக்குத் தெரியும்.

மனோஜ் ஒருமுறை பஸ் கூரையில் பெட்டியைக் கட்டுவதுபோல இறக்கையை இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார். அலி பாய் போய் அவிழ்த்தார். "இது மூட்டை இல்ல சார். கொஞ்சம் மூச்சு விட எடம் குடுங்க, இல்லாட்டி எறக்கைக்கு நோகும்" என்றார். தலைவர் அம்மையாரையும் அவர் விடவில்லை. அம்மையார் ஒரு நாள் வீட்டுக்குக் கிளம்பி சாங்வி வரை போய்விட்டார்கள். போன் வந்தது. "மேடம், வால் சும்மா கெடக்கு." நீங்களே கட்டிவிடுங்களேன் என்று இவர்கள் கேட்டார்கள். "ஓட்டுனவங்கதான் கட்டணும் மேடம், நான் பாக்க மட்டுந்தான்" என்று அவர் போனை வைத்துவிட்டார். அம்மையார் திரும்பி வந்து கட்டினார்கள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்ததாக அவர்களே என்னிடம் சொன்னார்கள்.

விபத்தன்று சாயங்காலம் நடந்ததுக்கு வருகிறேன். ப்ரீத்தி நம் பயிற்சி மாணவி, மென்பொருள் வேலை பார்ப்பவர். தரையிறங்கி, இடது இறக்கையைக் கட்டினார், வாலைக் கட்டினார். வலது இறக்கைக்குப் போகும்போது ஆபீசிலிருந்து போன். ஏதோ நின்றுபோய்விட்டதாம், உடனே பார்க்க வேண்டுமாம். லேப்டாப்பை எடுக்கக் காருக்குப் போனார். போன இடத்தில் வேலை இழுத்துக்கொண்டது. அதற்குள் மே மாதத்துப் புழுதிக் காற்று வந்துவிட்டது. கட்டாத இறக்கை எழும்புவதைப் பார்த்து அந்தப் பெண் ஓடிவந்து, இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். மனித எடைக்கு அது அடங்குமா? அடங்காது.

நான் வராந்தாவில் நின்றேன். அலி பாய் அலுவலகத்திலிருந்து ஓடினார். "விடும்மா, அது போனா போவட்டும்! விடு!" என்று கத்திக்கொண்டே ஓடினார். ப்ரீத்தி விடவில்லை என்றதும் இடுப்பைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் தள்ளினார். விமானம் கவிழ்ந்தது. இறக்கை அலி பாய்மேல் விழுந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

இப்போது எனக்குப் பின்னால் ஒரு பேனர் கட்டியிருக்கிறீர்கள். 'விமானத்தைக் காக்க உயிர் தந்த தியாகி' என்று போட்டிருக்கிறது. நல்ல மனதோடுதான் செய்திருக்கிறீர்கள். ஆனால் அது உண்மை இல்லை. விமானம் போனால் போகட்டும் என்றவர் அமீர் அலி! தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள்.

நாளைக்குச் செயற்குழு கூடுகிறது. ப்ரீத்தியை மன்றத்திலிருந்து நீக்கும் தீர்மானம் வருகிறது. குடும்பத்தின் மனம் ஆற வேண்டாமா என்று காரணம் சொல்கிறார்கள். சரி, குடும்பத்தையே கேட்போம் என்று நேற்று விஷ்ராந்த்வாடியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஹாஜிரா, கணவரை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் இருக்கிறார், வெளியே வர மாட்டார். அலியின் தம்பி தமீம் அன்சாரி என்னைக் கூடத்தில் உட்காரவைத்தார். ஹாஜிரா திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினார்.

"ஒனக்குக் கோபம் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கு அண்ணே, இல்லாம எப்புடி? அது எனக்கும் அல்லாவுக்கும் நடுவுல இருக்கட்டும்."

பிறகு சொன்னார்: "அவுக ஒரு புள்ளைய உசுரோட நிறுத்திட்டுப் போயிருக்காக. நீங்கல்லாம் சேந்து அந்தப் புள்ளைய ஒதுக்கி வச்சே கொன்னுட்டீகன்னா, அவுக போனதுக்கு எனக்கு என்ன அண்ணே மிச்சம்?"

தமீம் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உங்களில் யாருக்காவது அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் நாளைக்குத் தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். நிறைவேற்றிவிட்டு, விஷ்ராந்த்வாடிக்குப் போய் அந்தத் திரைக்கு முன்னால் நின்று வாசித்துக் காட்டுங்கள்.

மழை வரப்போகிறது. இனி ஓட்டியவர் கட்டுவார், இன்னொருவர் பார்க்காமல் யாரும் கேட்டைத் தாண்ட மாட்டார்கள். ஆபீஸ் போன் அடித்தால் அடிக்கட்டும். அமீர் அலி அவர்களின் பெயரால் என்னால் தர முடிந்த வாக்கு இவ்வளவுதான். இதைக் காப்பாற்ற எனக்கு ஆள் வேண்டும், ப்ரீத்தியும் வேண்டும்.

அவர் வந்திருக்கிறார். கடைசி வரிசையில், சுவரோரம். வாசல்வரைக்கும் ஆட்கள் நிற்கிறீர்கள், ஆனால் அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. எனக்கு முழங்கால் வலிக்கிறது, இதற்குமேல் நிற்க முடியாது. மேடையில் எனக்குப் போட்ட நாற்காலியை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே போய் உட்காருகிறேன். அவருக்கு மறுபக்கம் இன்னும் ஒரு இடம் மிச்சம் இருக்கிறது.