ஒரு பொய்க்கு ஒரு படி

எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேச மாட்டோம், இன்ஸ்பெக்டர் மேடம். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

திருவரங்குளத்துக்கு அப்பால் தைல மரக்காட்டுக்குள் மௌன சபை நடத்துகிறாரே அருள்மணி, அவர் முன்பு மைக் செட் வாடகைக்கு விட்டவர். காதுகுத்து, சடங்கு என்று ஊர்க் காதையெல்லாம் கிழித்துவிட்டு, இப்போது நாற்பது பேர் வாயைக் கட்டிவைத்திருக்கிறார். அந்த வேஷத்தைக் கலைக்கத்தான் படம் எடுத்தேன். ஒரு கலைஞனின் கடமை.

பொன்னமராவதி ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த அருணாவைப் பக்தையாக உள்ளே அனுப்பினேன். பன்னிரண்டு நாள், ஒளித்துவைத்த போனில் படம் பிடித்து அனுப்பினாள். கஞ்சி குடிக்கிறார்கள், வாசல் கூட்டுகிறார்கள், தூங்குகிறார்கள். இதை எந்தத் திரைப்பட விழாவில் போடுவார்கள்?

பதின்மூன்றாம் நாள் அந்தப் போனிலேயே கூப்பிட்டுப் பேசினாள். "அண்ணே, பயமா இருக்குண்ணே. வந்து கூட்டிட்டுப் போங்க."

"ரெண்டு நாளு பொறு தங்கச்சி. கிளைமாக்ஸ் வேணாமா?"

"அப்ப நீங்க வந்து இங்கிட்டு இருந்து பாருங்க!"

சபையின் சட்டத்தை அவள்தான் எனக்குச் சொல்லியிருந்தாள். பொய்யரை ஊருணிப் படியில் நிறுத்துவார்கள். அருள்மணி சிலேட்டில் கேள்வி எழுதிக் காட்டுவார். ஒரு பொய்க்கு ஒரு படி கீழே. உண்மையைச் சொன்னால் கைகொடுத்து மேலே ஏற்றிவிடுவார்கள்.

சபை வாசல் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டேன்: 'அருணா பக்தை அல்ல. யாரோ அனுப்பிய ஆள்.' பெயர் எழுதவில்லை. எனக்கு விளம்பரம் பிடிக்காது.

மறுநாள் காலை வெயில் அருமையாக விழுந்தது. நான் எதிர்க்கரைப் புதரில் இருந்தேன். 'அனுப்பியது யார்?' என்று சிலேட்டு கேட்டது.

"யாரும் அனுப்பலைங்க. சாமிக்காகத்தான் வந்தேன்."

ஒரு படி. மறுபடி கேள்வி, அதே பதில். இடுப்பு, மார்பு, கழுத்து. நீந்தத் தெரியாது என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். என் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் கரையேறியிருப்பாள். புதர்ப் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தாள், சொல்லவில்லை. அப்படிப்பட்ட நடிகை இனிக் கிடைக்க மாட்டாள். கடைசிப் படி பாசி, வழுக்கிவிட்டது.

நாற்பது பேர், மேடம். ஒரு பெண் மூழ்குவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தராவது தண்ணீரில் இறங்கினார்களா? எனக்குக் கோபத்தில் உடம்பே நடுங்கியது. நல்லவேளை, கேமராவை ஸ்டாண்டில் வைத்திருந்தேன். ஒவ்வொரு முகமும் தெளிவாக விழுந்திருக்கிறது. ஒருத்தரையும் விட்டுவிடாதீர்கள்.