ஊசியை விட்ட தங்கை

கும்மிடிப்பூண்டி ரயிலில் எங்கள் பெட்டியில் ஆறு மின்விசிறிகளில் இரண்டுதான் சுற்றின. எதிரே, பழவேற்காட்டுக்குத் திரும்பும் ஓர் அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நாட்டு வைத்தியரு ஊசியையும் மீனையும் உடச் சொன்னாரு. மீனத்தான் உட முடியலக்கா,” என்றாள் தங்கை.

“அப்ப ஊசிய உட்டுட்டியா? உன்னோட பேஜாருடி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பு நோவு, ஊசிய நிறுத்தாதன்னு டாக்டரு படிச்சுப் படிச்சு சொன்னாரே!”

“தைலம் தேய்ச்சதும் நல்லா நடந்தேன்க்கா.”

“அந்த நோவு அப்படித்தான். கொஞ்ச நாளு பதுங்கிக்கினு இருந்துட்டுத் திரும்பி வரும்.”

அவர்கள் இறங்க வேண்டிய பொன்னேரி வந்தது. அக்காள் எழுந்தாள். தங்கை எழவில்லை.

“அக்கா, என் காலுல செருப்பு கீதான்னு பாரு. எனக்கு உணர்ச்சியே தெரில.”

அக்காள் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு கால்களிலும் செருப்பு இருந்தது.