வலி தங்காமல் இருக்க

எங்கள் காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைக்குக் கஞ்சியைக்கூட மூடி போட்ட கோப்பையில்தான் கொண்டுபோய் வைப்போம், டாக்டரம்மா. கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும் அவர் பெண்வீட்டில்தான் இருப்பார். வீடு பெண்ணுக்கு எழுதியது. அதனால் என் கணவர் ஸதக்கத்துல்லாஹ்வுக்கு ஹெர்னியா ஆபரேஷன் முடிந்ததும், உங்கள் மில்லர்புரத்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். அவருடைய தங்கச்சி பெற்ற உம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டாள். மாப்பிள்ளை நோயோடு உம்மா வீட்டில் போய்ப் படுத்தால் எங்களுக்கல்லவா அசிங்கம் என்றேன். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் கொடுப்பது, எல்லாம் நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது நீங்கள் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "தையல் வலி போயிரும்மா. ஆனா சிலருக்குப் புண் ஆறின பிறகும் நரம்புல வலி தங்கிரும். அது தங்காம இருக்கத்தான் இந்த கேப்ஸ்யூல். வலிக்கலன்னு நிறுத்திராதீங்க." நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புண் ஆறிய பிறகும் வலி இருக்கும் என்று ஒரு டாக்டர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். என் கணவர் தலையாட்டினார். தன் உடம்பைப் பற்றிச் சொன்னதால் உடனே நம்பினார்.

எங்கள் மகள் ஹிபாவை என் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். தையல் ஆறியது, வலி ஆறவில்லை. குனிந்தால் எரியும். பாவாடை நாடா இறுகினால் எரியும். துபாயிலிருந்து அவர் போனில் சொன்னார்: "ஏளா, ஊர்ல எல்லாப் பொம்பளையும் பெத்துட்டு எந்திரிச்சு நடக்கா, ஒனக்கு மட்டும் என்ன? வலி வயித்துல இல்ல, மனசுல இருக்கு." லீவில் வந்தபோது தங்கச்சி முன்னால் என் மாத்திரை அட்டையைப் பிடுங்கி, ஒவ்வொன்றாக உடைத்து அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் போட்டார். நான் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனாம். தங்கச்சி சிரித்தாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் டீ போட்டேன். ஹிபா இப்போது காலேஜில் படிக்கிறாள். இத்தனை வருஷமும் அவர்கள் கண்ணுக்கு நான் ஒரு நடிகை. எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள்.

கேப்ஸ்யூலை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டீர்கள். கொடுத்தேன். ஒரு வேளை தவறவில்லை. உள்ளே இருந்த தூளை மட்டும் அதே அங்கணத்தில் கொட்டிவிட்டு, இடியாப்ப மாவை அடைத்து மூடினேன். கையைக் கழுவிவிட்டு, சுத்தமாகத்தான் செய்தேன். விஷம் வைக்கிற ஜாதி இல்லை நான். தையல் வலிக்கு நீங்கள் கொடுத்த மாத்திரையை நான் தொடவே இல்லை. தலையணையை உயர்த்தி வைத்து, "பிஸ்மி சொல்லிக் குடிங்க" என்பேன். அவரும் சொல்லிக் குடிப்பார். மாப்பிள்ளையை இப்படித் தாங்குகிற பெண்ணைப் பார்த்ததில்லை என்று என் மாமி தெருவெல்லாம் சொன்னார்.

தையல் ஆறியது. தொடையிடுக்கில் எரிகிறது என்றார். கைலி உரசினாலே துடித்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போக முடியாமல் கட்டிலில் கிடந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ராஹிலா, ஒனக்கும் இப்படித்தான் இருந்துச்சா? நான் நம்பலியே. என்னை மன்னிச்சிரு."

இதைக் கேட்கத்தான் செய்தேன் என்று நானும் நினைத்திருந்தேன். கேப்ஸ்யூல் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அன்றைக்கே நல்ல மருந்தைக் கொடுத்திருக்கலாம். ஆனால் மன்னிப்புக் கேட்டவர், "இப்பவும் வலிக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையை விட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழே வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். கண்ணைத் துடைத்துவிட்டேன். பிறகு அடுப்படிக்குப் போய் அடுத்த வேளைக்கு மாவை அடைத்தேன். கடைசி கேப்ஸ்யூல் வரைக்கும் அடைத்தேன்.

இப்போது அவரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. துபாய் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு வரும் வழியில் முக்காணிப் பாலத்தில் கார் ஏறி இறங்கியபோது, மகள் முன்னால் குழந்தை மாதிரி அழுதார். இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். வீட்டோடு போயிருக்கும். நீங்கள்தான் சற்று முன்பு அவரிடம் அப்படிச் சொன்னீர்கள். "மருந்து ஒழுங்கா சாப்பிட்டாலும் சிலருக்குத் தங்கிரும் பாய். யாரையும் குறை சொல்ல முடியாது." அவரும் "அல்லாஹ் நாடினது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் அவரையும் ஹிபாவையும் வெளியே உட்காரச் சொன்னேன்.

மருந்து உள்ளே போயிருந்தாலும் அவருக்கு இந்த வலி வந்திருக்குமோ என்னவோ. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படியும் இருக்கலாம் என்று நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. போலீஸில் சொல்லுங்கள், ஜமாஅத்தில் சொல்லுங்கள், அவரைக் கூப்பிட்டு அவரிடமே சொல்லுங்கள். தானாக வந்த வலி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைக் கொடுத்தது நான். நான் சொல்லும் இந்த ஒன்றையாவது நம்புங்கள்.