படிக்கட்டில் நிற்காதீங்க, நடுவில் இடம் இருக்கு!

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! ஆடுகளின் சண்டையோடு ஆட்டுக்குட்டிகளின் அலறலையும் சேர்த்துத் தாங்கும் போதகர் ஐயா அவர்களே! முன்வரிசையை எந்நாளும் முந்திப் பிடிக்கும் மூத்தோர்களே! மடியில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டோம் என்று பெருமூச்சு விடும் பெற்றோர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பேருந்து நடத்துநனின் பணிவான ஸ்தோத்திரம்!

"கண்டக்டருக்குப் பிள்ளை வளர்ப்பைப் பத்தி என்ன தெரியும்?" என்று அங்கே ஓர் அண்ணன் முணுமுணுக்கிறார். கேட்கிறது அண்ணே! நெரிசலில் முணுமுணுப்பைக் கேட்டே பழகிய காது இது. எனக்கு ஒன்றே ஒன்று தெரியும். படிக்கட்டில் நிற்கிறவரை உள்ளே கூப்பிடத் தெரியும். "உள்ளே வாங்க, உள்ளே வாங்க, நடுவுல இடம் இருக்கு!" நாள் முழுக்க நான் ஓதுகிற மந்திரம் அதுதானே? அதையே இங்கேயும் ஓத வந்திருக்கிறேன்.

போன வருடம் இதே மன்றத்தில், 'பிள்ளைகளைப் பக்தியில் வளர்ப்பது எப்படி' என்று ஒரு கருத்தரங்கு வைத்தோம். அழைப்பிதழின் அடியில் என்ன அச்சடித்தோம்? 'குழந்தைகளை அழைத்து வர வேண்டாம்!' வந்தது யார்? பேரன் பேத்தி எடுத்தவர்கள்! பசித்தவனை வாசலில் நிறுத்திவிட்டுப் பந்தி பரிமாறினோம். சிரிக்காதீங்க, கைதட்டி முடிவெடுத்ததே நீங்கதான்! இந்த வருடம் அந்த வரியை அடித்துவிட்டோம். அதனால்தான் இந்தச் சந்தைச் சத்தம்.

கதைக்கு வருகிறேன். உங்களில் பாதிப் பேர் பார்த்த கதை. மீதிப் பேர் அன்றைக்கும் தாமதமாக வந்தவர்கள். நம் சபையில் ஒரு தங்கச்சி. வாரம் முழுக்க ரொட்டிக்கடையில் அனலோடு வேலை. கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறார். ஞாயிறன்று எந்தச் சாலையில் இருப்பாரோ! ஆறு வயதில் ஒரு மகள், கைக்குழந்தையாய் ஒரு மகன். மகளுக்கு வாய் நீளம். மகனுக்குத் தொண்டை நீளம்! ஆராதனை தொடங்கினால் அவனும் தொடங்குவான். பாடகர் குழு நிறுத்தினாலும் அவன் நிறுத்த மாட்டான்.

அவன் 'ஙா' என்றதும் வாசலருகே 'உஷ்!' என்று ஒரு சத்தம் எழும். அது நம் வரவேற்புக் குழுத் தலைவர். ஊரறிந்த பெயர் 'உஷ்ஷு ஐயா'. இன்று இந்த மேடைக்குத் தலைவரும் அவரேதான்! கோபிக்காதீங்க ஐயா, உங்ககிட்டக் கேட்டுட்டுத்தானே சொல்றேன். அவர் உதட்டில் விரல் வைத்தால் ஈயும் சிறகை மடக்கும். தங்கச்சி என்ன செய்வாள்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போவாள். பாட்டு உள்ளே, அவள் வெளியே! பிரசங்கம் உள்ளே, அவள் வெளியே! ஆசீர்வாதம் உள்ளே, ஐயோ, அப்போதும் அவள் வெளியே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னாள்: "அண்ணே, இனிமே நான் வரலை. இவன் கொஞ்சம் வளரட்டும். எல்லாருக்கும் தொந்தரவு." கண் கலங்கியிருந்தது.

"பிள்ளை வளர்ந்தப்புறம் கோயிலுக்கு வர்றதா? ஊர் போய்ச் சேர்ந்தப்புறம் பஸ் ஏறுறதா?" என்றேன்.

சிரித்தாள். ஆனால் முடிவை மாற்றவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போறேன்ணே" என்றாள்.

அன்றைக்கு வேறொரு குழந்தைக்கு ஞானஸ்நானம். போதகர் கேட்டார்: "சபையாரே, இந்தப் பிள்ளையை வளர்க்கப் பெற்றோருக்குத் துணை நிற்பீர்களா?" கூரை அதிரச் சொன்னோம்: "தேவ ஒத்தாசையால் சேர்ந்து வளர்ப்போம்!" ஒத்தாசை என்றால் உதவி. பழைய சொல், நமக்குப் பழகிய சொல், பழகிப் பழகி நம் காதிலேயே விழாமல் போன சொல்!

ஆனால் முன்னால் உட்கார்ந்திருந்த அந்த வாய்நீளக்காரி காதில் விழுந்தது. எழுந்தாள், போய்ப் போதகரின் அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயா, கடவுளுக்கு ஒத்த ஆசைதானா?"

"என்னம்மா?"

"ஒத்த ஆசைன்னு சொன்னாங்களே! பாப்பாவை எல்லாரும் சேர்ந்து வளர்க்கணும்னு. எங்க தம்பிக்கும் இப்படித்தான் சொன்னீங்க. ஆனா எங்க அம்மா மட்டும் தனியா வெளியே நிக்கிறாங்க. கடவுளுக்கு இருக்கிறதே ஒரே ஒரு ஆசை. அதைக்கூடச் செய்ய மாட்டீங்களா?"

அம்மம்மா! சிரிக்கத் திறந்த வாயெல்லாம் பாதியிலேயே மூடிக்கொண்டது. சொல்லில் பிழை செய்தாள் பிள்ளை. செயலில் பிழை செய்தோம் நாம்!

அப்போது உஷ்ஷு ஐயா படிக்கட்டை நோக்கி நடந்தார். போச்சு, இன்னொரு 'உஷ்' விழப்போகிறது என்று நினைத்தோம். அவரோ இரண்டு கையையும் நீட்டினார். "பிள்ளையைக் கொடும்மா. நீ போய் உட்காரு." அவன் சும்மா இருப்பானா? மூக்குக்கண்ணாடியைப் பறித்தான், சட்டையை நனைத்தான், எட்டுக் கட்டையில் எடுத்துவிட்டான்! அலறுகிற பிள்ளையோடு ஐயா அசராமல் நடுவழியே நடந்து வந்தார். பின்னாலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் "உஷ்!" என்றார்கள். திரும்பினார் ஐயா. "யாரது? அழாத பிள்ளை எந்த ஊர்ல இருக்கு? அழட்டும்!"

தங்கச்சி அமர்ந்தாள். பிரசங்கத்தைக் கண்ணீரோடு கேட்டாள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. கோயிலில் பொய் சொல்லலாமா? அமர்ந்ததும் தூங்கிவிட்டாள்! அவ்வளவு அலுப்பு. போதகர் பார்த்தார், தம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அடுத்த வாரம் அவள் வந்தாள். இன்றும் வந்திருக்கிறாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு நிறைகிறது.

ஆகவே அன்பர்களே! பெற்றோருக்குச் சபை எதைக் கொடுக்க வேண்டும்? அறிவுரையா? அது கொட்டிக் கிடக்கிறது! குறை காணும் கண்ணா? அதற்கும் குறைவே இல்லை! குறைவது கை! ஏந்துகிற கை, எழுந்து வருகிற கை, "நான் பார்த்துக்கறேன், நீ உட்காரு" என்கிற கை! பரீட்சைக்குப் பயந்தவன் பக்கத்தில் உட்கார இங்கே ஒரு மாமா உண்டா? கோபித்துக் கதவைச் சாத்திக்கொண்டவள் மனம்விட்டுப் பேச ஓர் அத்தை உண்டா? லாரியில் இருக்கும் தகப்பனுக்குப் போன் போட்டு, "உன் பொண்ணு இன்னைக்கு எங்களை ஒரு கேள்வி கேட்டாப்பா!" என்று சொல்ல ஒரு நண்பன் உண்டா? பெற்றவர் இருவர்தான்; ஆனால் வாக்குக் கொடுத்தவர்கள் நாம் அத்தனை பேரும் அல்லவா?

அதோ, பின்வரிசையில் ஒரு குரல்! அவனேதான்! தங்கச்சி, எங்கேம்மா எழுந்திருக்கிறே? உட்காரு! படிக்கட்டில் யாரும் நிற்கக் கூடாது, நடுவில் இடம் இருக்கு! ஐயா, தலைவர் ஐயா, நாற்காலியை விட்டு நீங்க எங்கே இறங்குறீங்க? ஓ... போங்க, போங்க. அவன் உங்களைத்தான் கூப்பிடுகிறான்.

தலைவர் இல்லாத மேடையில் நான் நீட்டி முழக்குவது முறையல்ல. எங்கள் வண்டியில் ஒரு விசில் அடித்தால் நிற்கும், இரண்டு விசில் அடித்தால் புறப்படும். என் பேச்சுக்கு ஒரு விசில். நம் சபைக்கு இரண்டு விசில்! பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், பொறுமையே இல்லாமல் கேட்ட அந்தச் சின்ன ஐயாவுக்கும் என் நன்றி. ஸ்தோத்திரம், வணக்கம்!