சத்தம் போடாத கதவுகள்

எங்கள் வீட்டில் எந்தக் கதவும் கிறீச்சிடாது. உள்ளே வரும்போதே கவனித்திருப்பீர்கள். கீல்களுக்கு நானே எண்ணெய் போடுவேன். ஓய்வு பெறும்வரை இந்த நகரத்து லிஃப்டுகளைப் பரிசோதித்துச் சான்று கொடுத்தவன் நான். எந்த உருளை தேய்ந்திருக்கிறது, எந்தக் கம்பிவடம் தளர்ந்திருக்கிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன். வீட்டுக்கும் அதே விதிதான். உள்ளே நடப்பது படிக்கட்டுவரை கேட்டால் அந்த வீட்டில் ஏதோ பழுது என்று அர்த்தம்.

நீங்கள் என் மனைவியின் வலி மருந்துப் புட்டியைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். மீதியை மருத்துவமனைக்குத் திருப்பிக் கொடுத்தபோது, இருக்க வேண்டியதைவிட அதிகம் இருந்தது என்கிறீர்கள். ஆமாம், இருந்தது. மறைக்க நினைத்திருந்தால் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு வெறும் புட்டியைக் கொடுத்திருப்பேன். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்கிற வழக்கம் இல்லை. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று உங்கள் மருத்துவர் சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் மனைவியின் தங்கைக்கு அது போதவில்லை. வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். தலை நரைத்த பிறகும் சின்னவள்தான். அவள் நகரமெல்லாம் விசாரித்தாள். ஓர் இடத்தில் முறைபோட்டு நர்சுகளை அனுப்புவோம் என்றார்களாம், முதல் கேள்வியே வீட்டில் லிஃப்ட் உண்டா என்பதுதானாம். அதில் தவறில்லை, நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். இன்னோர் இடத்தில் யாரும் போனையே எடுக்கவில்லை. மூன்றாவதாகப் பேசிய பெண் மட்டும், "அவங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். சின்னவள் அதில் கவிழ்ந்துவிட்டாள்.

"பிரசவத்துக்குப் பக்கத்துல ஒருத்தி இருக்கறதில்லையா அத்தான், அதே மாதிரி இதுக்கும். வைத்தியத்தை நர்சு பாத்துப்பாங்க. இவங்க கடைசி வரைக்கும் கூட இருப்பாங்க, அவ்வளவுதான்."

கூட இருப்பதற்குக் கூலிக்கு ஆளா, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று கேட்டேன்.

"நீங்க இருக்கீங்க அத்தான். அதனாலதான்..." என்று ஆரம்பித்தவள், பாதியில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அந்தப் பெண் வந்தாள். அவள் தொழிலுக்குச் சாவுத்துணை என்று பெயராம். இதற்கு முன் என்ன வேலை என்று விசாரித்தேன். பல் மருத்துவமனையில் வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கிற வேலையாம். "அங்கயும் பயந்துக்கிட்டுத்தான் வருவாங்க ஐயா," என்றாள். படுக்கையிலிருந்து என் மனைவி சிரித்தாள். சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மனைவியை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நானே கூப்பிட்டு வருஷக்கணக்கான பெயர் அது. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். ஒரு சின்னப் பித்தளை மணியை என் மனைவி கைக்கெட்டும்படி வைத்து, யாராவது வர வேண்டுமென்றால் இதை அடியுங்கள் என்றாள். மருந்தைத் துளிக்குழாயில் எடுத்துக் கன்னத்தின் உட்புறம் விடுவதற்கு எனக்கும் கற்றுக்கொடுத்தாள். "வலி வந்தப்புறம் துரத்தாதீங்க ஐயா. வர்றதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க." சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். என்னிடம் பாடம் ஒப்பித்த இன்ஜினியர்கள் இந்த நகரத்தில் எத்தனையோ பேர். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு மதியம் மருந்துக்கடைக்குப் போனவன், கடை பூட்டியிருக்கவே திரும்பி வந்தேன். கதவு சத்தம் போடவில்லை. நான் வந்தது அவர்களுக்குத் தெரியாது. உள்ளே அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசி நேரத்துல இந்த ரூம்ல யாரு இருக்கணும்? யாரு வேணாம்? மனசுல இருக்கறத சொல்லுங்க."

"தங்கச்சி இருக்கட்டும். நீ இரு. அவரு வேணாம்."

"ஏம்மா?"

"அவரு இருந்தா, நான் ஒழுங்கா சாகறேனான்னு பாத்துக்கிட்டே நிப்பாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "சர்டிஃபிகேட் குடுக்கணும்ல."

இருவரும் சிரித்தார்கள். என் மனைவி அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. மெலிந்து எலும்பாகக் கிடந்தவளுக்கு அவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வந்தது. கூடத்து நாற்காலியில் மருந்துச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷி ஒருவேளை பசியோடு படுத்ததில்லை. நான் கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. இந்தக் கட்டடத்தில் எங்களைக் காட்டித்தான் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள். நாளைக்குத் துக்கம் கேட்க வருகிறவர்கள், கடைசியில் நீங்கள்தானே பக்கத்தில் இருந்தீர்கள் என்பார்கள். இல்லை, நான் கூடத்தில் இருந்தேன், என்னை உள்ளே விடவில்லை என்று பதில் சொல்வதா. எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் நான் குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெண்ணை வாசலிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன் ஐயா. நிறையப் பேரு இப்படிக் கேப்பாங்க. அது வெறுப்பு இல்ல. அவங்க சாவு ஐயா, அதையாவது அவங்க இஷ்டத்துக்கு விடுங்க."

அதையாவது என்றாள். அந்த ஒரு சொல்லை என் வாசலில் நின்று, என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினேன். சின்னவளுக்குப் போன் செய்து, அக்கா நன்றாகத் தூங்குகிறாள், ஆள் நடமாட்டம் கூடாதாம், சொல்லும்போது வந்தால் போதும் என்றேன். பொய் என்று பார்த்தால் அது ஒன்றுதான். உங்கள் நர்சு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். அந்த வாரம் வந்துவிட்டுப் போயிருந்தார்.

என் மனைவி மணியை அடித்தாள். போனேன். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தாள். நான்தான் வந்திருக்கிறேனே என்றேன். அதற்கும் அடித்தாள். மேல்வீட்டுக்காரர்களுக்குக் கேட்கும். மணியின் நாக்கைக் குறடால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மணியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அவளுடைய பொருளை நான் பிடுங்கவில்லை. அவள் அதை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மருந்துக்கு நேரமானபோது பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டேன். நான் இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல், நீ சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள் என்றேன். மருந்தைக் கொடுத்துவிட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கொடுத்தால் கண் சொருகிவிடும், பேச்சு குழறும். அந்த நிலையில் வாங்கும் வார்த்தைக்கு மதிப்பு ஏது. புத்தி தெளிவாக இருக்கும்போது கேட்பதுதான் முறை. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் கட்டிலைத் திருப்பிப் போட்டேன்.

அவள் சத்தம் போடுகிற சுபாவம் உள்ளவள் அல்ல. வலி வந்தபோதும் போர்வை நுனியைக் கடித்துக்கொண்டாள். அந்த வளர்ப்பை நான் மதிக்கிறேன். வெளிச்சம் ஜன்னலிலிருந்து நகர்ந்து சுவர் ஏறிப் போகிறவரை துளிக்குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்திருந்தேன். அவளும் அந்தக் குழாயையே பார்த்தாள்.

பிறகு தலையை அசைத்தாள். தலையசைப்பு போதாது என்று சின்னவளுக்குப் போன் போட்டு, அவள் வாயருகில் பிடித்தேன்.

"நீ வர வேணாம்டி. அவரு இருக்காரு. அவரே போதும்."

அந்தப் பக்கம் சின்னவள் அழுதது கேட்டது. போனை வைத்துவிட்டு, கற்றுக்கொடுத்தபடியே கன்னத்தின் உட்புறம் ஒரு துளி சிந்தாமல் கொடுத்தேன். உடனே தூங்கவில்லை. மருந்து வேலை செய்கிறவரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை சொன்னால் முடிந்ததா. எந்த லிஃப்டையும் நான் ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் அடுத்த வேளையும் கேட்டேன், அதற்கடுத்த வேளையும் கேட்டேன். சொன்ன வேளைகளில் கொடுத்தேன். சொல்லாத வேளைகளின் மருந்துதான் அந்தப் புட்டியில் மிச்சம் இருந்தது. கடைசியில் பேச்சு நின்றுவிட்டது. கேட்டதற்குப் பதில் வரவில்லை, அதனால் கொடுக்கவும் இல்லை. அதற்குப் பிறகும் ஒரு பகல் முழுக்க இருந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். இழுத்துக்கொள்ளப் பார்த்ததால் கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள், நான்தான் பக்கத்தில் இருந்தேன் என்று சொன்னேன். நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன். உங்களுக்குச் சந்தேகமிருந்தால் சின்னவளைக் கேட்டுப் பாருங்கள், அவள் தன் காதாலேயே கேட்டிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், புத்தி தெளிவாக இருக்கும்போது, என் மனைவி தன் வாயால் கேட்டது என்னைத்தான்.