அரைக் கரண்டி

2024 ஏப்ரல் 15 அன்று காசிமேட்டு விசைப்படகுகள் மீன்பிடித் தடைக்காலத்துக்காகக் கரையில் கட்டப்பட்டன. அறுபத்தோரு நாள். ஆணழகன் போட்டி ஜூன் 9, திருவொற்றியூரில். இரண்டு தேதிகளையும் என் ஜிம் சுவரில் அருகருகே எழுதி வைத்தேன், இன்ஸ்பெக்டர் மேடம். நான் திட்டமிட்டு வேலை செய்கிறவன்.

போட்டிக்கு நான் தயார் செய்த ரஞ்சித் எண்பது கிலோ. அந்த எடைக்கு ஒரு நாளைக்கு நூற்று முப்பது கிராம் புரதம் போதும். ஸ்டீராய்டு எடுக்கிறவனுக்கு முந்நூறு கிராம் வேண்டும் என்பார்கள். அது டப்பா விற்கிறவர்கள் பேச்சு. புரதம் வெறும் செங்கல். கட்டுகிற கொத்தனார் மருந்துதான். தண்டையார்பேட்டையில் எந்த மாஸ்டரும் இதை உங்களிடம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் ரஞ்சித் மருந்து தொடமாட்டேன் என்றான். அவன் அம்மா மங்கை மீன் விற்கிறவர். ஊசி, மாத்திரை எதையும் தொடுவதில்லை என்று சூடத்தை அணைத்து அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

சத்தியத்தை மீறச் சொல்கிற ஆள் நானில்லை. அதனால் ஸ்டீராய்டு மாத்திரைகளை மிக்ஸியில் அரைத்து, அவனுக்கு நான் நிரப்பிக் கொடுக்கும் புரத மாவில் கலந்தேன். கோகோ மணத்தில் கசப்பு தெரியாது. சத்தியமும் நின்றது, மார்பும் விரிந்தது. "மாவு சூப்பர் மாஸ்டர், இன்னாமா ஏறுது!" என்றான் எடை மேடையில் நின்று.

இதைக் கலப்படம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா கொருக்குப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தவர். மல்லித்தூளில் ஒரு சிட்டிகை உமி சேர்க்காதவர். கலப்படம் என்றால் மட்டமானதைச் சேர்ப்பது. நான் உசத்தியானதைச் சேர்த்தேன்.

மே 18 காலை மங்கை ஜிம்முக்கு வந்தார். கூடவே மகள் சினேகா, பதினேழு வயது. அவர் கடையில் கூவி விற்பது அவள்தான். "வஞ்சிரோம்... சங்கரா..." என்று அவள் இழுத்தால் எதிர்ச்சாரியில் போகிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"இன்னா மாஸ்டரு, உம் மாவத் துன்னு எம்புள்ள கதவுல இடிச்சிக்கினு வர்றான். இவளப் பாரு, கருவாடு மாதிரி கீறா. படகு கட்டிட்டாங்க, வூட்ல மீனும் இல்ல. ஒருத்தனுக்கு மட்டும் தனியா கலக்கித் தர மனசு வர்ல. பத்து நாளா இவளுக்கும் ஒரு கரண்டி குடுக்கறேன்."

"அப்பால அண்ணனத் தூக்கிப் போட்டு மிதிப்பேன், பரவால்லயா மாஸ்டர்?" என்று சினேகா சிரித்தாள்.

சிரிப்பில் லேசான கரகரப்பு இருந்தது. கவனித்தேன். கவனிப்பது என் தொழில்.

"பொம்பளப் புள்ளைக்கி எவ்ளோ குடுக்கலாம், சொல்லு நைனா," என்றார் மங்கை.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். காரணம் சொன்னால் டப்பா குப்பைக்குப் போகும். போட்டிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அவனுக்கும் எனக்கும் அது இரண்டு வருட உழைப்பு. ஏதாவது பொய் சொல்லித் தடுத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நான் பொய் சொல்வதில்லை, மேடம்.

"பொண்ணுதானே அக்கா. அரைக் கரண்டி போதும்," என்றேன்.

இதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கரண்டியாக இருந்ததைப் பாதியாக்கியவன் நான்.

ஜூன் முதல் வாரம் மங்கை ஃபோன் செய்தார். அவளுக்குத் தொண்டை கட்டியது விடவே இல்லை என்றார். சுக்கு வெந்நீர் கொடுக்கச் சொன்னேன். மேலுதட்டில் மயிர் கருக்கிறது என்றார். அந்த வயதில் சிலருக்கு அப்படித்தான் என்றேன். மாவினாலா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பதில் சொல்வதில்லை.

ஜூன் 9 அன்று ரஞ்சித் முதல் பரிசு வாங்கினான். கோப்பையை அம்மா கையில் வைத்து, "சத்தியத்தக் காப்பாத்திட்டேம்மா," என்றான். பக்கத்தில் நின்ற எனக்குக் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

சினேகாவைப் பார்த்த டாக்டர் மாவு டப்பாவைக் கொண்டுவரச் சொன்னது ஜூலையில். சோதனைக்கூட அறிக்கையில் இருப்பது சரி. கலந்தவன் நான். அந்தப் பெண் குடிக்கிறாள் என்று தெரிந்தும் அளவு சொன்னவன் நான். பாலகணேஷ் என்று எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த மே மாதம் திரும்பி வந்தாலும் அரைக் கரண்டி என்றுதான் சொல்வேன்.

சினேகாவின் பழைய குரல் இனி வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடையில் அவள் இப்போது கூவுவதில்லை. மீன் பெயர்களை ஒரு சிலேட்டில் எழுதி முன்னால் சாத்தி வைத்திருக்கிறாள்.